அண்ணாங்கிற பேருல ஒரு லாகின்

ஏனுங் தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த லேப்டாப்பப் பூட்டிட்டுப் போன் பேசுங்க. நீங்க சன்னல் பக்கம் திரும்பி வீட்டுல பேசிட்டு இருந்த நேரத்துக்குள்ள உங்க கம்பெனி சர்வர் பேரு, உங்க லாகின் பேரு எல்லாம் நான் படிச்சு முடிச்சுட்டேன். படிக்கோணும்னு படிக்கலைங்க, கண்ணு தானா அங்க போச்சு. அப்பறம் கீபோர்டுக்குக் கீழ ஒட்டி வெச்சிருக்கீங்களே ஒரு மஞ்சக் காயிதம், அதைக் கிழிச்சு வாயில போட்டு முழுங்கிருங்க. தப்பே இல்ல.

அய்யோ, ஆடிட்டரெல்லாம் இல்லீங்க. ஆடிட்டருன்னாலே எனக்கு ஆகாது. நான் திருமூர்த்தி, உடுமலைப்பேட்டை. சரவணம்பட்டில ஒரு கம்பெனில சிஸ்டம் அட்மின். வாரக் கடைசில இந்த பஸ்லதான் ஊருக்குப் போறது. ஆஸ்பத்திரிகளுக்கு லேப் ரிப்போர்ட் சாஃப்ட்வேர் நடத்தறதுங்க எங்க கம்பெனி. காலைல ரத்தம் குடுத்துட்டு வந்தா, சக்கரை எத்தனை, உப்பு எத்தனைன்னு சாயங்காலம் உங்க போனுக்கு வருதில்லீங்க, அந்த சோலி. சர்வரெல்லாம் நம்ம கைல இல்ல. மும்பைல எங்கியோ வாடகைக்கு எடுத்திருக்குது. கிளவுடுங்கறாங்க. நான் ஒருக்காக் கூட அதையெல்லாம் நேர்ல பாத்ததில்ல. ஆனா எது எந்த நேரத்துல மூச்சு வாங்கும்னு எனக்குத் தெரியும்.

என்னாச்சுன்னா, எங்க ஆபீசுல ஒரு புள்ள மேல எனக்கு நெம்ப வருத்தம். ரஹிமா பானுன்னு பேரு, போத்தனூர்க்காரப் புள்ள. கெட்ட புள்ள இல்லீங்க. வேலைல கெட்டி. அதுதான் வருத்தமே.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

கம்பெனி ஆரம்பிச்சப்ப நாங்க விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் ஆளு. எல்லாத்துக்கும் நான் அண்ணா. எங்க எம்டி சாருக்கு என்னைய விட வயசு அதிகம், அவரும் என்னைய அண்ணாம்பாரு. மொத சர்வர் வாடகைக்கு எடுத்த அன்னைக்கு, எல்லாரும் உள்ள போய் வர்றதுக்குப் பொதுவா ஒரு லாகின் வேணுமே, என்ன பேரு வெக்கலாம்னு கேட்டுட்டு, எங்க பதிலுக்குக் காத்திருக்காம அவரே அடிச்சாரு. ஏ, என், என், ஏ. அண்ணா. அதுக்கு எல்லா அதிகாரமும் உண்டுங்க. தொறக்காத கதவு இல்ல, அழிக்க முடியாத ஃபைல் இல்ல. பாஸ்வேர்டா? என்ற பழைய ஸ்கூட்டரோட நம்பர்தான்.

ஊருல எத்தனை பேருக்குங்க இப்படி வாய்க்கும்? செலை வெக்கறாங்க, ரோட்டுக்குப் பேரு வெக்கறாங்க, அதெல்லாம் போய்ச் சேந்த பொறவு. எனக்கு உசுரோட இருக்கும்போதே வெச்சாங்க.

கம்பெனி பெருசாச்சு. வர்ற பசங்களுக்கெல்லாம் மொத நாள் ஐடி கார்டு, அடுத்த நாள் அந்தப் பாஸ்வேர்டு. யாரு உள்ள போனாலும் அண்ணாதான் போவாரு. யாரு எதை மாத்தினாலும் அண்ணாதான் மாத்தினாரு. எவனாவது எதையாவது ஒடைச்சுட்டா? அதுவும் அண்ணாதான். எம்டி சார் வந்து யாரு பண்ணினதும்பாரு. விடுங்க சார், நான் பாத்துக்கறேம்பேன். அதோட விசாரணை முடிஞ்சுது. ஒருத்தன் அழுததில்ல, ஒருத்தனுக்கும் வேலை போனதில்ல. குடும்பம்னா அப்படித்தானுங்க இருக்கோணும்.

அந்தக் குடும்பத்துக்குள்ளதான் இந்தப் புள்ள வந்துச்சு. ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரி, எங்களுக்கு அதுதான் பெரிய வாடிக்கை. அதுல ஏதோ டென்மார்க் கம்பெனி பணம் போட்டிருக்குது. பாதுகாப்புக்குன்னு தனியா ஒரு ஆள் போட்டாத்தான் ஒப்பந்தம்னு அவங்க கண்டிசன். எம்டி சார் ரஹிமாவப் போட்டாரு. வந்த புதுசுல ஒண்ணுமே பேசலை. எல்லாத்தையும் பாத்துட்டே இருந்துச்சு. அப்பறம் ஒரு நா என்ற சீட்டுக்கு வந்து நின்னுச்சு.

“சார், இந்த அண்ணாவ எடுத்துரணும்.”

“என்னையவா அம்மிணி?”

“உங்கள இல்ல சார். உங்க பேருல இருக்கிற லாகின.”

ரெண்டும் வேற வேறயான்னு கேட்டேன். அதைத்தான் சார் நானும் கேக்கறேங்குது. எப்படி லொள்ளு பாத்தீங்களா?

இனிமே எல்லா சர்வருக்கும் ஒரே வாசல்னுச்சு. அவங்கவங்க பேருலதான் உள்ள போகோணும். போனுக்கு வர்ற நம்பர அடிக்கோணும். எதுக்குப் போறேன்னு காரணம் எழுதோணும். இன்னொருத்தர் அதைப் பாத்துட்டு சரின்னு சொல்லோணும். சொன்னாலும் கொஞ்ச நேரந்தான், அப்பறம் கதவு தானாச் சாத்திக்கும். உள்ள போய் நீங்க தட்டற ஒவ்வொரு எழுத்தும் படமாப் பதிஞ்சுக்கிட்டே இருக்கும், கல்யாண வீடியோ மாதிரி. நான் எம்டி சார்கிட்டப் போய்ச் சொன்னனுங்க. சார், நான் போட்ட தெருவுல என்னையவே நிறுத்தி எங்க போறேன்னு கேட்டா நல்லாவா இருக்குதுன்னேன். ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கறாங்க அண்ணா, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னுட்டாரு.

பொறுத்துக்கிட்டேன். ஆனா அந்தக் காரணம் எழுதற பொட்டி இருக்குதுங்களே, அதுதான் முடியலை. நான் காலைல ஆபீசுக்கு வந்ததும் எல்லா சர்வரையும் ஒருக்கா எட்டிப் பாப்பேன். எடம் எவ்வளவு ரொம்பியிருக்குது, பேக்கப் ஒழுங்கா ஓடுச்சா, எதாவது திணறுதா. வேலைன்னு ஒண்ணும் இருக்காது. எட்டிப் பாத்தாத்தான் எனக்குக் காபி எறங்கும். அதுக்கு என்னான்னு காரணம் எழுதறது? சும்மான்னு எழுதினேன். இங்கிலீஷ் எழுத்துல, எஸ் போட்டு, ‘சும்மா’. தினமும். ஒவ்வொரு சர்வருக்கும்.

அந்தப் புள்ள வந்து, காரணம் எழுதுங்க சார்னுச்சு. எழுதியிருக்கேனே அம்மிணின்னேன். சும்மாங்கறது ஒரு காரணமா சார்னு கேட்டுச்சு. காரணமில்லாமப் போறதுக்கு அதுதானே அம்மிணி காரணம், பொய் எழுதச் சொல்றியான்னேன். சிரிக்கலை. ஆனா அடுத்த நாள்ல இருந்து என்ற சும்மாவுக்கெல்லாம் சரி போட்டுட்டே இருந்துச்சு.

டிக்கெட்டா? எடுத்தாச்சுங்க கண்டக்டர். ரெண்டு பேரும் எடுத்தாச்சு.

எங்க விட்டேன்? ஆங், அண்ணாவ எடுத்த கதை. எல்லா சர்வருலயும் எடுத்தோம். எடுத்தாச்சுன்னு நானே சொல்லவும் சொன்னேன். ஒண்ணுல மட்டும் விட்டு வெச்சேன், அதே ஈரோட்டு ஆஸ்பத்திரி சர்வருல. அங்க லேப் மிசினெல்லாம் அண்ணா பேருலதான் உள்ள வந்து ரிப்போர்ட்ட வெச்சுட்டுப் போகும். அண்ணாவ எடுத்தா மிசின் வெளிய நின்னுக்கும். அது ஒரு காரணம். அது போக, பெத்த பேரு ஒரு எடத்துலயாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னு ஒரு ஆசை. யாருகிட்டயும் சொல்லலைங்க. நம்ம பசங்க நாலஞ்சு பேருகிட்ட மட்டும் சொன்னேன், அது சொன்னதுல சேராது. எம்டி சார்கிட்டச் சொன்னேன், அவரு கம்பெனி, அவருகிட்ட மறைக்கலாமுங்களா? அவசரத்துக்கு இருக்கட்டும் சார்னு சொல்லி வெச்சேன்.

அப்படியே மாசம் ஓடுச்சு. ஒரு நாள் முற்பகல், காலைச் சுத்தெல்லாம் முடிச்சு டீக்கு எந்திரிக்கறேன், ஈரோட்டுல இருந்து போன். லேப்ல இருக்கிற அம்மா பேசறாங்க. பேசறாங்கன்னா, பாதி அழுகை. அந்த வாரத்து ரிப்போர்ட் ஒண்ணையும் காணோம். ஆபரேசனுக்கு ஆள மயக்க மருந்து குடுக்கக் கூட்டிட்டுப் போயாச்சு, ரத்தம் என்ன வகை, உப்பு எத்தனை, ஒண்ணும் திரைல வரமாட்டேங்குது, டாக்டர் கத்தறாரு.

வாசலுக்குப் போனேன். காரணம் கேட்டுச்சு. ‘ரிப்போர்ட் காணோம்’னு எழுதினேன். நான் முன்னாடி எத்தனையோ தடவை ரஹிமாகிட்டச் சண்டை போட்டிருக்கேன், ஒரு உசுரு போற நேரத்துல நீ காரணம் கேட்டுட்டு உக்காந்திருப்பியான்னு. எண்டர் தட்டிக் கைய எடுக்கறதுக்குள்ள சரின்னு வந்துருச்சுங்க. அது தன் சீட்டுல இருந்து எந்திரிச்சு எனக்குப் பின்னால வந்து நின்னுச்சு.

உள்ள போய்ப் பாத்தா, அண்ணா அழிச்சிருக்காரு. கடைசியா என்னென்ன தட்டியிருக்குதுன்னு சர்வர் சொல்லுமில்லீங்க. அதுல பாத்தேன். ரிப்போர்ட்டுங்கற எடத்துல ஒரு எழுத்த முழுங்கிட்டு மொதல்ல தப்பா அடிச்சிருக்குது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லைன்னு மிசின் சொன்னதும் திருத்தி அடிச்சு, மொத்தமா அழிச்சிருக்குது. அந்த முழுங்கின எழுத்தப் பாத்ததும் எனக்கு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுல மாடிப்படி ஏறி வர்ற சத்தத்துலயே யாரு வர்றாங்கன்னு நமக்குத் தெரியுமில்லீங்க, அந்த மாதிரி. ஆனா வாயத் தொறக்கலை. மொதல்ல ரிப்போர்ட்டு, அப்பறந்தான் மத்ததெல்லாம்.

முந்தின நாள் வரைக்கும் பேக்கப்ல இருந்துச்சு, அதை எடுத்துப் போட்டுட்டேன். அன்னைக்குக் காலைல எடுத்த ரத்தமெல்லாம் அதுல இல்ல. லேப்புக்குப் போன் போட்டு, அந்தந்த மிசின் ஞாபகத்துல இருக்கறத மறுக்கா அனுப்பச் சொன்னேன். கடகடன்னு வந்து விழுகுது. எல்லாரும் அப்பாடான்னாங்க. நானும் சேத்து வைக்கறதுக்குக் கட்டளைய அடிச்சுட்டேன். எண்டர் தட்டப் போன கை அப்படியே நின்னுபோச்சுங்க. ஏன்னா அந்த மிசின் தினமும் காலைல ஒண்ணாம் நம்பர்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கும். நேத்து அஞ்சாம் நம்பர் ஒரு ஆளு, இன்னைக்கு அஞ்சாம் நம்பர் வேற ஆளு. நம்பர மட்டும் பாத்துச் சேத்திருந்தா நேத்தைய ஆளோட ரத்த வகை இன்னைக்கு மேசைல படுத்திருக்கற ஆளு பேருல போய் ஒக்காந்திருக்கும். அடிச்சத அழிச்சேன். ஒவ்வொண்ணையும் ரத்தம் எடுத்த நேரத்தோட ஒத்துப் பாத்து, ஒத்துப் பாத்துச் சேத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாம் வந்துருச்சு. ஒண்ணு மாறலை. அந்த ஆபரேசனும் நடந்துச்சு, அந்த ஆளும் நல்லபடியா வீடு போய்ச் சேந்துட்டாருங்க.

நல்லது பண்ணினா மாலையா போடறாங்க? ஆடிட்டர் வந்தாரு.

டென்மார்க்ல இருந்தே வந்தாருங்க, லார்ஸ்னு பேரு. நல்ல உயரம், பொறுமையான மனுசன். எங்க மீட்டிங் ரூம்ல உக்காந்து, அந்த ஈரோட்டு சர்வரோட பழைய கணக்கெல்லாம் பொரட்டிப் பாத்துட்டு இங்கிலீஷ்ல ஒண்ணு கேட்டாரு. யாரு இந்த அன்னா அம்மா? அவங்களக் கூப்பிடுங்க, பேசோணும்னாரு. அவங்க ஊருல அன்னான்னா பொம்பளைப் பேரு போல. நெம்ப உழைப்பாளிம்மா இவங்கங்கறாரு. ஞாயித்துக்கெழமையும் வேலை, தீவாளிக்கும் வேலை, ஒரே நேரத்துல கோயமுத்தூர்லயும் இருக்காங்க, சேலத்துலயும் இருக்காங்க, இத்தனை வருசத்துல ஒரு நா லீவு எடுக்கலைன்னாரு. ரஹிமாதான் எடுத்துச் சொல்லுச்சு, அது பொம்பளை இல்ல, அண்ணான்னா மூத்த சகோதரன்னு அர்த்தம்னு. யாரோட சகோதரன்னாரு. எல்லாரோட சகோதரனும்னுச்சு. அவரு பேனாவ மேசைல வெச்சுட்டு, அப்ப அந்த சகோதரன் எங்கன்னாரு. எல்லாத் தலையும் என்ற பக்கம் திரும்புச்சுங்க.

அழிச்ச ஆளு யாருன்னு சொல்லியாகோணும், இல்லைன்னா ஒப்பந்தம் ரத்து, போலீசுக்கும் போவோம்னு ஆஸ்பத்திரில இருந்து வந்த மேனேஜர் சொல்லிட்டாரு. விசாரணை முடியற வரைக்கும் நான் எந்த சர்வருக்குள்ளயும் போகக் கூடாதுன்னு உத்தரவு. எம்டி சார்கிட்டத் தனியாப் போய்க் கேட்டேன்.

“சார், நீங்க என்னைய நம்பறீங்களா?”

“நம்பறேன் அண்ணா. ஆனா காட்டோணுமே.”

எனக்கு அது சுருக்குன்னு குத்துச்சு. நம்பிக்கைய எப்படிங்க காட்டறது? நான் வீட்டுக்குப் போயிட்டேன். அந்த நாளெல்லாம் ஏன் கேக்கறீங்க. காலைல எந்திரிச்சா எட்டிப் பாக்க ஒண்ணுமில்ல. ஃபிரிட்ஜத் தொறந்து தொறந்து பாத்துட்டு மூடுவேன். என்னத்தங்க தேடறீங்கன்னு எங்க வீட்டம்மா கேட்டா. சும்மான்னேன். பொண்ணு பொள்ளாச்சில காலேஜ் படிக்குது, அது வந்து, அப்பா, உங்கள எதுக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, நீங்க அங்க என்னதான் பண்றீங்கன்னு கேட்டுச்சு. சர்வரப் பாத்துக்கறேன் கண்ணுன்னேன். பாத்துக்கறதுன்னா என்னப்பான்னுச்சு. எனக்குச் சொல்லத் தெரியலைங்க. இத்தனை வருசம் பண்ணின வேலைய ஒரு வாக்கியத்துல சொல்லத் தெரியாம நின்னேன்.

சரி, முடிவு பண்ணிட்டேன். எனக்கு அழிச்சது யாருன்னு தெரியும். அவரக் காட்டிக் குடுக்க முடியாது. நான்தான்னு சொல்லிட்டா எல்லாம் சுலபமாப் போயிரும். அண்ணா பேருல நடந்தது அண்ணாவோட போகட்டும். வேலை போகும், போகட்டும். போலீசு வந்தா வரட்டும்னு வெள்ளைச் சட்டை போட்டுட்டுக் கிளம்பினேன்.

அடுத்த மீட்டிங்ல லார்ஸ் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நின்னேன். “நான்தானுங்க அழிச்சது. வேணும்னு பண்ணலை, கை தவறிருச்சு.”

ரஹிமா திரும்பிக் கூடப் பாக்கலை. லேப்டாப்ப ஒயர்ல மாட்டிக்கிட்டே, “இல்லைங்க சார். உக்காருங்க”ன்னுச்சு.

இதுதான் தம்பி எனக்குத் தாங்கலை. ஒரு மனுசன் தானா முன்வந்து பழிய ஏத்துக்கறான். அதை வாங்கிக்கறதுக்குக் கூட உங்க சட்டத்துல எடமில்லையா? வெளியூர்க்காரங்க முன்னாடி என்னையப் பொய்யனாக்கி உக்கார வெச்சுருச்சு.

அப்பறந்தான் தெரியுது, நான் அண்ணாவ ஒளிச்சு வெச்ச கொஞ்ச நாள்லயே அதுக்குத் தெரிஞ்சிருக்குது. மூடினா லேப் மிசின் நின்னுரும்னு மூடலை. மிசினுக்கெல்லாம் தனித்தனிச் சாவி தயார் பண்ணிட்டு இருந்திருக்குது. அது வரைக்கும் அந்தக் கதவுக்கு உள்பக்கமா ஒரு படம் புடிக்கற ஏற்பாட்ட வெச்சுருச்சு. யாரு, எந்த ஊருல இருந்து, எந்த லேப்டாப்ல வந்தாங்க, எல்லாம் பதிவு. தெரிஞ்சா என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமுங்களா? மாசக்கணக்கா மூஞ்சில ஒண்ணும் காட்டாம, குட் மார்னிங் சார், குட் மார்னிங் சார். எம்டி சார்கிட்டக் கூடச் சொல்லலை. ஏன்னு லார்ஸ் கேட்டாரு. அவரும் அந்த வழியா வர்றவரு, அதனாலன்னுச்சு. இப்பிடி ஒரு அழுத்தம்.

மொதல்ல ஒரு வரியத் திரைல போட்டுச்சு. ஈரோட்டுல ரிப்போர்ட் அழிஞ்ச நேரத்துல திருமூர்த்தி சார் வாசல் வழியா, அவர் பேருல, திருப்பூர் ஆஸ்பத்திரி சர்வருக்குள்ள இருந்தாரு, அவர் தட்டின எழுத்தெல்லாம் இதோ இருக்குதுன்னுச்சு. லார்ஸ் எட்டிப் பாத்துட்டு, காரணம்னு போட்டிருக்குதே, சும்மா, அது என்ன, ஏதாவது சாஃப்ட்வேர் பேரான்னாரு. ரஹிமா யோசிச்சுச்சு. அது இவ்வளவு நேரம் யோசிச்சு நான் பாத்ததே இல்ல. இவரு தினமும் வந்து எல்லாம் நல்லா இருக்குதான்னு பாத்துட்டுப் போவாரு, யாரும் சொல்லாமலே, அதுக்கு எங்க ஊருல சொல்ற வார்த்தைன்னுச்சு. லார்ஸ் அதை எழுதிக்கிட்டாரு.

அப்பறம் ஈரோட்டுல அழிச்சப்பப் பதிவான படத்த ஓட்டுச்சு. சென்னைல ஒரு ஓட்டல்ல இருந்து அண்ணா உள்ள வர்றாரு. பாஸ்வேர்டு ஒரு தடவை தப்பு. மறுபடி. உள்ள வந்து, ரிப்போர்ட்டுல ஒரு எழுத்து முழுங்கினாப்பல அடிக்கறாரு. எம்டி சாரப் பாக்கக் கூடாதுன்னு கூரையப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு மறுக்கா மாட்டிப் பாத்தாரு.

“இது நான்”னாரு.

அவருக்கே அப்பத்தாங்க தெரியுது. சென்னைல புதுசா ஒரு ஆஸ்பத்திரிக்குச் சாஃப்ட்வேரக் காட்டப் போனவரு, காட்டறதுக்கு முன்னாடி டெமோ சர்வருல கெடந்த பழைய குப்பைய அழிக்கலாம்னு நெனைச்சிருக்காரு. லேப்டாப்ல ரெண்டு ஜன்னல் தொறந்து வெச்சிருந்திருக்காரு, ஜன்னல் மாறிப்போச்சு. அழிச்சது நிஜமானதுன்னு தெரியாமலே கைகுலுக்கிட்டு விமானம் ஏறி வந்துட்டாரு. எழுத்து முழுங்கறது அவரோட பழக்கங்க, நான்தான் அவருக்கு இந்தக் கட்டளையெல்லாம் பழக்கிக் குடுத்தது.

ஆஸ்பத்திரி மேனேஜர் முன்னாடி, அந்த டென்மார்க்காரர் முன்னாடி, எம்டி சார் எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டாரு. நான் சொன்னதோட விட்டிருந்தா யாருக்குங்க நட்டம்? எனக்கு ஒரு வேலை போயிருக்கும், அவ்வளவுதானே? அந்தப் புள்ளைக்கும்தான் என்ன தைரியம், சம்பளம் குடுக்கற மொதலாளியவே திரைல ஓட்டுது. கடைசி வரைக்கும் நிறுத்தலை.

எம்டி சார் என்ற பக்கம் திரும்பினாரு. “அண்ணா, தெரிஞ்சேதான் எந்திரிச்சு நின்னீங்களா?” நான் மறுபடி கூரையப் பாத்தேன். “இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இப்படி நின்னிருக்கீங்க?”ன்னாரு. உண்மையிலேயே தெரியலைங்க. கணக்கு வெச்சா யாராவது அண்ணாவா இருப்பாங்க?

அதோட எந்திரிச்சுப் போயிருக்கலாம். லார்ஸ் விடலை. அழிச்சதப் பாத்தாச்சு, திருப்பிக் கொண்டு வந்ததையும் பாக்கோணும்னாரு. ரஹிமா அந்தப் படத்தப் போட்டுச்சு.

நான் வேலை செய்யறத நானே பாக்கறேன் தம்பி. எத்தனை வருசமாப் பண்றேன், பாத்ததே இல்ல. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எழுத்து ஓடுது, நிக்குது, ஒரு தப்பு அடிக்கறேன், அழிக்கறேன். அதையுமா காட்டோணும்னு எனக்குக் கூச்சம். எல்லாரும் பாக்கறாங்க, ஒருத்தரும் போன எடுக்கலை. ரிப்போர்ட்டெல்லாம் வந்து விழுகுது. கட்டளைய முழுசா அடிச்சுட்டேன். அந்த எடத்துல கோடு மட்டும் மினுக்கு மினுக்குன்னு மின்னிட்டு நிக்குது. நிக்குது, நிக்குது. லார்ஸ் சேர்ல முன்னாடி வந்துட்டாரு. அப்பறம் ஒவ்வொரு எழுத்தாப் பின்னால போய் அழியுது. நேரத்தப் போட்டு ஒத்துப் பாக்க ஆரம்பிக்குது. ஏன் நிறுத்தினாருன்னு அவரு கேக்க, ரஹிமா அந்த நம்பர் விசயத்தச் சொல்லுச்சு. மேனேஜர் அய்யோன்னு வாயப் பொத்திக்கிட்டாரு.

முடிஞ்சதும் லார்ஸ் கேட்டாரு, இது யாரு? அண்ணான்னு யாரோ ஒரு பையன் சொன்னான். ரஹிமா, இல்லை, வாசல் வழியா வந்தவரு, பேரு இருக்குதுன்னு சொல்லி, என்ற பேரச் சொல்லுச்சு. அவரு எந்திரிச்சு மேசையச் சுத்தி நடந்து வந்து, மிஸ்டர் டிருமூர்ட்டின்னு கையப் புடிச்சாரு. தப்பாத்தான் சொன்னாரு. ஆனாப் பாருங்க, எனக்கு அழுகை வந்துருச்சு. அந்த ஆபீசுல என்ற பேர ஒருத்தர் சொல்லி நான் கேட்டு எத்தனையோ வருசம் ஆச்சுங்க. ஒடைச்சதும் அண்ணா, ஒட்டினதும் அண்ணா. ஒடைச்சது எவனோ, எனக்கு அது பரவாயில்ல. ஒட்டினது நான்னு எனக்கே மறந்துபோயிருந்துச்சு.

ஒப்பந்தம் நின்னுதுங்க. போலீசெல்லாம் இல்ல. எம்டி சாருக்கு சர்வர் பக்கமே வரக் கூடாதுன்னு ரஹிமா கதவ அடைச்சுருச்சு, அவரும் நல்லதும்மான்னுட்டாரு. மிசினுக்குத் தனிச் சாவி வந்துச்சு. கடைசியா இருந்த அண்ணாவையும் எடுத்தாச்சு.

அதெல்லாம் போகட்டுங்க. என்ற வருத்தம் என்னன்னு இன்னும் சொல்லலையே. ரஹிமாகிட்டப் போய் நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அம்மிணி, நான் திருப்பிக் கொண்டு வந்த படம் இருக்குதில்ல, அதை ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடு, என்ற பொண்ணுக்குக் காட்டோணும்னேன். படம் வெளிய போகக் கூடாது சார், நோயாளிங்க பேரெல்லாம் அதுல இருக்குதுன்னுச்சு. பேர மறைச்சுக் குடு. முடியாது சார். அந்த நிறுத்தின எடத்த மட்டுமாவது. சாரி சார். எம்டி சார்கிட்டப் போனேன். எனக்கே உள்ள போக அனுமதி இல்லையே அண்ணான்னு சிரிக்கறாரு. மறுபடி இதுகிட்டயே வந்து கெஞ்சினேன். என்ற வேலைய என்ற பொண்ணுக்குக் காட்ட எனக்கு உரிமை இல்லையான்னு கேட்டுட்டேன். அந்தப் புள்ளைக்குக் கண்ணெல்லாம் கலங்கிருச்சு. அப்பவும் முடியாதுங்க சார்னுதான் சொல்லுச்சு.

கோவம் இருக்காதுங்களா? இருக்குது. ஆனா ஒண்ணு, பாவம் பாத்து அது மட்டும் குடுத்திருந்துச்சுன்னு வெய்யுங்க, இந்தப் புள்ள இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு மொத ஆளா நானே மேல எழுதிப் போட்டிருப்பேன்.

அதனாலதான் தம்பி, வாரா வாரம் பக்கத்துல உக்காந்தவங்களுக்கெல்லாம் வாயாலயே படம் ஓட்டிட்டு இருக்கேன். வீட்டுலயும் சொன்னேன். பொண்ணு நல்லாத்தான் கேட்டுச்சு, ஆனா நான் அந்த நிறுத்தின எடத்த அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். இப்பக் கூட உங்களுக்குச் சரியாச் சொல்லலை. நீங்க எறங்கற பொள்ளாச்சி வர இன்னும் நேரம் கெடக்குது. மறுக்கா சொல்றேன், கேளுங்க. கட்டளைய முழுசா அடிச்சாச்சு. கை எண்டர் மேல இருக்குது.